மொட்டை மாடியில் ஒரு குளம்

ஹாஜிரா பீக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. நிக்காஹ் முடிந்த வாரமே இதைத் தெரிந்துகொண்டு ஒழுங்காக நடந்துவருபவர் அவள் கணவர் பீர் முஹம்மது. மயிலாப்பூர் பஞ்சுக்காரத் தெருவில் பால்காரர், கேபிள்காரர், பக்கத்துக் கடைக்காரர் என்று எல்லோருக்கும் இது தெரியும். தெரியாமல் இருந்தது ஓர் அரசு ஆணையத்துக்கு மட்டும்தான். தெரிந்திருந்தால் அவர்கள் அவளுக்கு அந்த நோட்டீஸை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பஞ்சுக்காரத் தெரு பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டினாற்போல் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மெத்தை, தலையணை வியாபாரம். கீழே கடை, மேலே குடித்தனம், அதற்கும் மேலே மொட்டை மாடியில் பஞ்சு மூட்டைகள். ஓர் ஐப்பசியில் மழை அடித்துப் பெய்து ஓய்ந்தது. தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. வானம் வெளுத்து, ஜனங்கள் துணி உலர்த்தத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் கால்வாய்க் கரையில் புதிதாக வைத்திருந்த தானியங்கி மதகு, யாரும் தொடாமல், தானாகத் திறந்துகொண்டது. கால்வாயில் ஓடிய அத்தனை சாக்கடைத் தண்ணீரும் தெருவுக்குள் இடுப்பளவு புகுந்தது. வடிய நாள் கணக்காயிற்று.

கடைச் சரக்கெல்லாம் பாழ். அது போனால் போகிறது என்று ஹாஜிரா பீ விட்டிருப்பாள். மகள் ஜுவேரியாவின் கல்யாணத்துக்கென்று ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தாள். ஆள் வைக்காமல், தானே பஞ்சு பொறுக்கி, தானே அடைத்து, தானே தைத்தது. ஊறிப்போன பஞ்சு மெத்தையை நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. அறுத்து அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். குப்பை லாரி அதை அள்ளிக்கொண்டு போகும்போது அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுடு புள்ள, மனசு லேசாவும்" என்றார் பீர் முஹம்மது.

"லேசாவ வேணாம்" என்றாள் அவள்.

நிவாரணம் வரும் என்று தெருவே காத்திருந்தது. நோட்டீஸ் வந்தது. 'தங்கள் வீடு குளத்துக்குள் கட்டப்பட்டுள்ளது. அடுத்த பருவமழைக்கு முன் வீடு அகற்றப்பட்டு, குளம் தன் இயல்பு நிலைக்குத் திரும்ப வேண்டும். தங்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு ஒதுக்கப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி.'

"இன்னா குளம்? எங்க கீது குளம்?" என்று கத்தினாள் ஹாஜிரா பீ. பீர் முஹம்மது பயத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவள் முறைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

நோட்டீஸை அனுப்பியது 'பேரிடர் தாங்குதிறன் எண்முறை ஒப்புருவாக்க ஆணையம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தூறல் போட்டு நின்றுவிடும் என்பதால் ஆட்டோக்காரர்கள் அதைக் 'கம்ப்யூட்டர் மழை ஆபீஸ்' என்பார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில், அதே கால்வாயின் கரையில், மேலிருந்து கீழ்வரை கண்ணாடி போட்ட கட்டடம். அங்கே கணினிக்குள் ஒரு சென்னையை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒப்புரு என்று பெயர். ஒரு பாலமோ வடிகாலோ கரைச்சுவரோ கட்டுவதற்கு முன்னால், ஒப்புருவில் மழை பெய்ய வைத்து, புயல் அடிக்க வைத்து, வெயில் காய வைத்து, அது தாங்குமா என்று பார்க்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் ரொம்ப நல்ல வேலை. நல்ல வேலையாயிற்றே என்று அதற்கு ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையம் அமைந்த பிறகு, ஆணையத்தை நடத்தவே நேரம் சரியாக இருந்தது.

ஹாஜிரா பீ கணவரை இழுத்துக்கொண்டு போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் அங்கே மழை. பெரிய குளிர்சாதனக் கூடத்தில் சுவரளவு திரை. திரைக்கு முன்னால் பூசணிக்காய், கற்பூரம், குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் ஒருவர் பொத்தானை அமுக்கியதும் திரையில் இருந்த சென்னையில் நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை பெய்தது. முன்வரிசை அதிகாரிகள் குடை விரித்தார்கள். அது மரபாம். மழை விட்டதும் எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, அசையாமல் நின்றார்கள். ஹாஜிரா பீயும் நின்றாள்.

"யாருமா மவுத்தானது?" என்று பக்கத்தில் நின்ற இளம் பொறியாளரிடம் மெதுவாகக் கேட்டாள். அந்தப் பெண் பெயர் ஜோதிலட்சுமி, கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள்.

"ஒப்புருவுல பதினோரு பேர் ஆன்ட்டி. பேசாம நில்லுங்க, ரெண்டு நிமிஷம் மௌனம்."

மௌனம் முடிந்தது. இறந்த பதினோரு பேரின் குடும்பங்களுக்கும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களும் ஒப்புருவில்தான் இருந்தன, திரையிலேயே வழங்கப்பட்டுவிட்டது. கூடம் கை தட்டியது. நம் பீர் முஹம்மதும் தட்டினார்.

பிறகு ஆணையத் தலைவர் முனைவர் புகழேந்தி பேசினார். அவர் வீட்டில் காபி கேட்பதுகூட மேடைத் தமிழில்தான் என்று அங்கே பேச்சு.

"கடந்த ஆண்டு நமது ஒப்புருவில் ஒரு பாலம்கூட இடியவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். தரையில் இரண்டு பாலங்கள் இடிந்தன. அவை ஒப்புருவைக் கலந்து ஆலோசிக்காமல் தன்னிச்சையாக இடிந்தவை. மற்ற நாடுகளில் ஒப்புருவைக் களத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அது தோல்வி மனப்பான்மை. நாம் களத்தை ஒப்புருவுக்கு ஏற்பத் திருத்துகிறோம்."

பேச்சு முடிந்ததும் ஹாஜிரா பீ நோட்டீஸோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி வந்துச்சு."

"தெரியும் அம்மா. வர வேண்டிய தண்ணீர்தான். எங்கள் கணிப்புக்கும் அதற்கும் ஓர் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை."

"அது ஊடு சார். நாங்க குடியிருக்கிற ஊடு."

தலைவர் பரிவோடு சிரித்தார். "ஒப்புருவின்படி அது குளம். மிகைநீரைக் குளத்துக்கு அனுப்பும்படி மதகுக்குக் கணினியே கட்டளையிடுகிறது. தண்ணீர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. தவறான இடத்தில் இருப்பது நீங்கள்."

"குளம்னு யாரு சார் சொன்னது? எங்க மாமனாரோட வாப்பா காலத்துலேர்ந்து அது தெரு."

"வாய்மொழி தரவாகாது. ஆண்டுக்கொரு முறை எங்கள் ட்ரோன் நகரத்தின் மேல் பறக்கிறது. அது பார்ப்பதுதான் ஒப்புருவில் ஏறும். மனிதக் கை படவே முடியாது. யாரும் செல்வாக்கைக் காட்டித் தன் தெருவை மாற்றிவிடக்கூடாது என்பதற்காக, நானே வாதாடி அரசாணை வாங்கியிருக்கிறேன். இனி நான் நினைத்தாலும் மாற்ற முடியாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஜோதிலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. இருவரையும் கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்து, தன் மடிக்கணினியில் ட்ரோன் எடுத்த படத்தைக் காட்டினாள். மேலிருந்து பார்த்த பஞ்சுக்காரத் தெரு. வரிசையாக எல்லா மொட்டை மாடியும் பளிச்சென்று நீலம்.

பீர் முஹம்மதுக்கு உடனே புரிந்துவிட்டது. "நம்ம தார்ப்பாய்டி!"

பஞ்சுக்காரர்களுக்குப் பனியென்றாலும் பயம், தூறலென்றாலும் பயம். மாடியில் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, செங்கல் வைத்துவிடுவார்கள். இந்த வீடு, அந்த வீடு என்று இடைவெளியில்லாமல் தெரு முழுக்க ஒரே நீலம்.

"நீலமா, பளபளன்னு, பெருசா எது இருந்தாலும் அந்த சாஃப்ட்வேர் தண்ணின்னு எடுத்துக்கும் ஆன்ட்டி. அதான் குளம்."

"ரெண்டு மாடி உசரத்துல குளமா?"

"உயரத்தைக் கேட்டா மெஷின் குழம்பிடுது. அதனால கேக்கறதில்லை." ஜோதிலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் சார்கிட்ட சொன்னேன். 'நிறம் எல்லாம் கீழ்நிலை விவரம், தலைமைக்குக் கொண்டுவராதே'ன்னுட்டார். இந்த வருஷ பிரமோஷனும் போச்சு."

ஹாஜிரா பீ டீயைக் குடிக்காமல் எழுந்து மறுபடியும் தலைவர் அறைக்குப் போனாள். அன்று அவளிடம் கோபம்கூட இல்லை; கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

"சார், ஒரே ஒரு தடவ எங்க மாடிக்கு வாங்க. அது தார்ப்பாய் சார். கையால தொட்டுப் பாருங்க, போதும். பத்து நிமிஷ வழி. ஆட்டோ நானே புடிச்சாறேன்."

முனைவர் புகழேந்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, இந்த ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒருமுறைகூடக் களத்துக்குப் போனதில்லை. போனால் நடுநிலை கெட்டுவிடும். நேரில் பார்த்தவர்களுக்குப் பார்த்தது மட்டும்தான் தெரியும்."

வரும் வழியில் பீர் முஹம்மது, "பெரிய மன்சன், நல்லாத்தான் பேசறாரு" என்றார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். வீடு இடிபடப்போகும் பஞ்சுக்காரத் தெரு ஜனங்கள் மொத்தமும் வேனில் போய் இறங்கினார்கள். ஹாஜிரா பீ பேச வேண்டியதைப் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். மேடையில் மைக் இருந்தது. ஜனங்களுக்கு மைக் இல்லை. திரையை இறக்கினார்கள்.

"பொதுமக்களின் நேரம் பொன்னானது" என்று தொடங்கினார் தலைவர். "ஆகவே கருத்துக் கேட்பையும் முன்கூட்டியே ஒப்புருவில் நடத்தி முடித்துவிட்டோம். முடிவை மட்டும் இப்போது காணலாம்."

திரையில் ஒரு மண்டபம் வந்தது. அதற்குள் புள்ளி புள்ளியாக மக்கள். மேடைப் புள்ளி ஏதோ சொல்ல, கீழே இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மெல்ல மஞ்சளாகி, பச்சையாகி, எழுந்து நின்று வணக்கம் சொன்னது.

தலைவர் குச்சியால் அதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் புள்ளி நீங்கள்தான் அம்மா. முதலில் சற்று உணர்ச்சிவசப்பட்டீர்கள். பிறகு ஒப்புக்கொண்டு நன்றி தெரிவித்தீர்கள்."

"நான் எப்ப சார் ஒத்துக்கினேன்? நான் இன்னும் வாயவே தொறக்கல!"

"நீங்கள் வாய் திறந்தால் என்ன சொல்வீர்கள் என்பதும் அதில் அடக்கம். சிற்றுண்டி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்."

ஜனங்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். ஹாஜிரா பீ மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. தண்ணீர் வந்தது, சாமான் போயிற்று, வீடும் போகப்போகிறது. அதையெல்லாம்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். தன் பெயரைச் சொல்லி ஒரு புள்ளி எழுந்து அந்த மனிதனுக்கு வணக்கம் வைத்ததை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. இவனை விடக்கூடாது என்று அந்தக் கல்யாண மண்டபத்து நாற்காலியில்தான் அவள் முடிவு செய்தாள்.

வாய்ப்பு ஆவணியில் வந்தது. ஆணையத்தின் ஆண்டு விழா, புதிய ட்ரோன் பறக்கவிடும் விழா, தலைவருக்குச் 'செயல்மாமணி' பட்டம் வழங்கும் விழா என மூன்றும் சேர்ந்த முப்பெரும் விழா. வளாகம் முழுக்கப் பந்தல் போட வேண்டும். பந்தலுக்கு டெண்டர் விட்டார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வீசும் புயலைத் தாங்குவதாக ஒப்புருவில் நிரூபிக்கப்பட்ட பந்தலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊரில் பந்தல் போடுகிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். விழாவுக்கு நாள் நெருங்கியும் பந்தல் இல்லை.

இதை ஹாஜிரா பீயிடம் சொன்னவன் சின்னப்பையன் என்ற பந்தல்காரன். கால்வாய்க் கரையில் குடியிருப்பவன். அவன் குடிசைக்கும் அதே நோட்டீஸ்தான்.

"இன்னா கலரு கேக்குறாங்க?" என்றாள் ஹாஜிரா பீ.

"நீலம்தான் பாயம்மா. ஆணையத்தோட கலராமே. மேல மூங்கி நட்டு மொட்ட மாடி, கார் நிறுத்துற எடம், தோட்டம் எல்லாத்தையும் மூடணுமாம். வெயிலு ஒரு பொட்டு உள்ள வரக்கூடாதாம்."

ஹாஜிரா பீ எதிர் மாடியில் கிடந்த நீலத் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். தண்ணீர் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பீர் முஹம்மது பயந்துபோய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாளே போய்த் தலைவரைப் பார்த்தாள். பஞ்சுக்காரத் தெரு மக்கள் தாங்கள் செய்த தவற்றை உணர்ந்துவிட்டதாகவும், பிராயச்சித்தமாக விழாப் பந்தலை இலவசமாகப் போட்டுத்தர விரும்புவதாகவும் சொன்னாள். 'இலவசம்' என்று காதில் விழுந்ததும் டெண்டர் நிபந்தனை பறந்துவிட்டது.

"பார்த்தீர்களா! புள்ளி சொன்னபடியே நடக்கிறது" என்று அதிகாரிகளிடம் பெருமிதப்பட்டார் தலைவர். "எந்த இடமும் விடுபடக்கூடாது அம்மா. மேலிருந்து பார்த்தால் நமது வளாகம் ஒரே நீலமாக, கம்பீரமாகத் தெரிய வேண்டும்."

"அப்படியே செய்றோம் சார். ஒரு ஓட்ட இருக்காது."

விழாவுக்கு முதல் நாள் தெரு மாடிகளில் இருந்த அத்தனை தார்ப்பாயும் கழற்றப்பட்டன. பஞ்சு மூட்டைகள் வீடுகளுக்குள் இறங்கின; கட்டிலிலும் கூடத்திலும் மூட்டைகள், மனிதர்களுக்கு உட்கார இடமில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. மாடிகளைக் கழுவி, வெள்ளையடித்து, கொடியில் நாலு சட்டை, புடவை காயப்போட்டாள் ஹாஜிரா பீ. ஒரு வீடு மேலிருந்து எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி. சின்னப்பையனும் அவன் ஆட்களும் ஆணையத்தின் மேல் நீலத்தை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். சுருக்கம் ஒன்று இல்லை. வெயில் பட்டு மினுமினு என்றிருந்தது.

விழா அமர்க்களம். பீர் முஹம்மதை மேடையேற்றி, திருந்திய பயனாளி என்று பொன்னாடை போர்த்தினார்கள். முனைவர் புகழேந்தி செயல்மாமணி ஆனார். பிறகு தன் கையால் பொத்தானை அமுக்கி ட்ரோனைப் பறக்கவிட்டார். அது நேரே மேலே ஏறி, வளாகத்தை நன்றாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மயிலாப்பூர்ப் பக்கம் போயிற்று. பந்திக்குப் போகும் வழியில் ஜோதிலட்சுமி நின்று, தலைக்கு மேலே இருந்த நீலத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் ஹாஜிரா பீயைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது..."

"வெயிலுக்கு நல்லதும்மா" என்றாள் ஹாஜிரா பீ.

ஜோதிலட்சுமி ஒரு கணம் யோசித்தாள். இது நிறம் சம்பந்தப்பட்ட விஷயம். தலைமைக்குக் கொண்டுபோகக் கூடாது. பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

புரட்டாசியில் புதிய ஒப்புரு வந்தது. பஞ்சுக்காரத் தெரு அதில் வரிசையாக வீடுகளாக இருந்தது. நோட்டீஸ் ரத்தான தகவல் வந்ததும் தெருவில் பிரியாணி போட்டார்கள். அதே தபாலில் ஆணையத்துக்கும் ஒரு நோட்டீஸ் போயிருந்தது. அனுப்பியது ஆணையம்தான், நோட்டீஸ்களையும் கணினியே தயாரித்து அனுப்பிவிடும், மனிதக் கை படாது. 'தங்கள் அலுவலகம் ஏரிக்குள் கட்டப்பட்டுள்ளது' என்று ஆரம்பித்து, 'ஒத்துழைப்புக்கு நன்றி' என்று முடிந்தது. தலைவர் அதற்கு ஆட்சேபம் எழுதினார். ஆட்சேபத்தைக் கணினி வாங்கிக்கொண்டு, ஒரு புள்ளியை மஞ்சளாக்கி, பச்சையாக்கி, அவர் ஒப்புக்கொண்டதாகப் பதில் அனுப்பியது.

ஐப்பசியில் மழை வந்தது. எப்போதும் வருகிற மழைதான், கால்வாய் நிரம்பியது. பஞ்சுக்காரத் தெரு மதகு இறுக மூடிக்கொண்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆணையத்தை ஒட்டியிருந்த மதகு அகலத் திறந்துகொண்டது. தண்ணீர் ஆணையத்தின் கண்ணாடிக் கதவைத் தட்டாமல் உள்ளே போயிற்று. கார்கள் மிதந்தன. குத்துவிளக்கு மிதந்தது. பெரிய கூடத்தில் இடுப்பளவு சாக்கடையில் அதிகாரிகள் நின்றுகொண்டிருந்தபோது சுவர்த் திரை ஒளிர்ந்து அறிவித்தது: ஒப்புருவும் களமும் ஆணையத்தின் வரலாற்றில் முதன்முறையாக நூற்றுக்கு நூறு பொருந்தியுள்ளன.

இப்படிப் பொருந்தினால் தலைவர் உடனே பாராட்டுரை வழங்க வேண்டும் என்பது ஆணைய விதி. முனைவர் புகழேந்தி மேசைமேல் ஏறி நின்று, நனைந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இந்த வெற்றிக்கு உழைத்த அனைவருக்கும் நன்றி சொன்னார். பாதிப் பேச்சில் திரை அணைந்தது. உயிருக்கு யாருக்கும் ஆபத்தில்லை. அதனால் மௌனம் அனுசரிக்கவில்லை.

மழை விட்டதும் மேலிடம் ஒரு முடிவெடுத்தது. ஏரியை ஆக்கிரமித்த கட்டடத்தைப் பொங்கலுக்குள் இடித்துவிடுவது. ஆணையத்துக்கு ஊருக்கு வெளியே, பஸ் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் போய்வரும் இடத்தில், இரண்டு அறை ஒதுக்குவது. தலைவர் ஓடிப்போய், அது ஏரி அல்ல, துணி என்று கதறினார். துணி என்றால் துணிக்குச் சொந்தக்காரர் வந்து எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம் என்றார்கள் அங்கே.

அப்படித்தான் கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, முனைவர் புகழேந்தி களத்துக்கு வந்தார். கார் இல்லை, கால்வாய்த் தண்ணீரில் அது போய்விட்டது. பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நடந்து வந்து கடை வாசலில் நின்றார். ஹாஜிரா பீ தரையில் உட்கார்ந்து தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். பீர் முஹம்மது பழக்க தோஷத்தில் எழுந்து நாற்காலி போட்டார்.

"நீங்கதானேம்மா பண்ணீங்க?" என்றார் அவர். மேடைத் தமிழ் எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விட்டது.

"ஆமா, நான்தான். தெரிஞ்சேதான் பண்ணேன்."

ஒளிப்பாள், மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவர், கேட்க வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "போகட்டும். நான் ஒண்ணும் கேக்க வரலை. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அன்னிக்கு இருந்தது தார்ப்பாய், தண்ணி இல்லேன்னு. ஒரே ஒரு வரி. அது உண்மைதானே?"

"உண்மதான்."

"அப்ப போடுங்க."

"மாட்டேன்."

தலைவர் என்னென்னவோ சொன்னார். தெருவுக்கு நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்றார். ஆலோசனைக் குழுவில் உறுப்பினர் ஆக்குகிறேன் என்றார். சின்னப்பையனுக்கு வேலை போட்டுத் தருகிறேன் என்றார். இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆகிறேன், இந்த வயசில் ரெண்டு பஸ் மாறிப் போக முடியாதும்மா என்றார். ஹாஜிரா பீ பஞ்சை அடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ஒரு சொல்லைக்கூட விடாமல் கேட்டாள்.

"ஏம்மா? காரணமாவது சொல்லுங்க. என்ன காரணத்துக்காக மாட்டேங்கறீங்க?"

ஹாஜிரா பீ தலையணையின் வாயை மடித்து, ஊசியை எடுத்து, நூலைப் பல்லால் கடித்துக் கோத்தாள்.

"எனக்கு இஷ்டமில்ல" என்றாள்.

முனைவர் புகழேந்தியிடம் விதி என்று சொல்லியிருந்தால் விலக்கு காட்டியிருப்பார். தரவு என்றிருந்தால் வேறு தரவு கொண்டுவந்திருப்பார். இஷ்டத்துக்கு விலக்கும் கிடையாது, தரவும் கிடையாது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வழி கேட்டார். பீர் முஹம்மது தெருமுனைவரை வந்து கை காட்டிவிட்டுத் திரும்பினார்.

"பாவம்டி" என்றார்.

"பாவம்தான்" என்றாள் ஹாஜிரா பீ. அவள் மனசாரத்தான் சொன்னாள். அந்த மனிதர் வேர்க்க விறுவிறுக்க நடந்து போனது அவளுக்கும் கண்ணில் நின்றது. அன்று மத்தியானம் அவள் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடவே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.